கொழும்பக்கா நல்லதென்று சொன்ன கிட்டார்

கிட்டாரை முகர்ந்து பார்க்கிற மனுஷியை அதற்கு முன் நான் கண்டதில்லை. மதராஸிலிருந்து ஆசை ஆசையாய் வரவழைத்த கிட்டாரை மாதாகோயில் பாடகர் குழுவுக்கு முன்னால் உறையிலிருந்து எடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார். கம்பியைத் தொடவேயில்லை. நடுவிலிருந்த வட்டத் துளையில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "டீச்சர், இது தேயிலைப் பெட்டிங்க" என்றார்.

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. உள்ளே ஒட்டியிருக்கிற சீட்டில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறதே என்றேன். அவர் முந்தானை நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, துளை வழியாகக் கையை விட்டு அந்தச் சீட்டைத் தேய்த்தார். சீட்டு சுருண்டு வந்தது. அடியில் இருந்த பலகையில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தின் முத்திரையும் பெட்டி நம்பரும் கறுப்பு மையில் தெரிந்தன. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து முதன்முதலாக எனக்கென்று வாங்கிய பொருள் அது.

"அப்போ இது பாடாதாங்க?" என்று கேட்டேன்.

"பாடும். ஒரு மழைக்காலம் தாங்கும்" என்றார்.

சொன்னது போலவே ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்வதற்குள் என் கிட்டாரின் மேல்பலகை அப்பளம் போல உப்பிக்கொண்டது.

ஊரில் எல்லாரும் அவரைக் கொழும்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் மிஷின் வைத்துக் குடியிருந்தார். தனி ஆள். நாற்பதை எட்டாத வயது, ஒடிசலான உடம்பு, முழங்கை வரைக்கும் சதையே இல்லாத நீளக் கை. அந்தக் கை கிட்டாரின் துளைக்குள் முழங்கை வரை நுழையும். உள்ளே ஒவ்வொரு சட்டத்தையும் கட்டையையும் விரலால் தடவிப் பார்ப்பார். தடவும்போது கண்ணை மூடிக்கொள்வார். பார்த்து முடித்ததும் இரண்டில் ஒரு சொல்தான் வரும். நல்லது, அல்லது ஆகாது. சுமார், பரவாயில்லை, இருந்துட்டுப் போகுது என்பதெல்லாம் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் புதுக்கோட்டையில் கிட்டார் பித்து பிடித்திருந்தது. சினிமாப் பாட்டில் கேட்டுவிட்டு காலேஜ் பையன்கள் எல்லாரும் ஆளுக்கொன்று தேடி அலைந்தார்கள். கீழராஜ வீதியில் ரேடியோவும் சைக்கிளும் விற்ற ஒரு கடைக்காரர் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கிட்டார் தருவித்து வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். தென்னை மரமும் நிலாவும் தீட்டிய கிட்டார்களுக்குத்தான் ரொம்பக் கிராக்கி. கறம்பக்குடியிலிருந்து வந்த ஒரு ஜவுளி வியாபாரி தன் மகனுக்கு அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். தையல் மிஷினுக்கு எண்ணெய் வாங்கப் போன கொழும்பக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆகாது" என்று சொல்லிவிட்டாராம். வியாபாரி அப்படியே நடையைக் கட்டிவிட்டார். கடைக்காரர் ஆத்திரத்தில் இனிமேல் இந்தக் கடைப்படி ஏறக் கூடாது என்று கத்தியிருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து அதே கடைக்காரர் கொழும்பக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். வியாபாரி கறம்பக்குடிச் சந்தையெல்லாம் சொல்லிவிட்டாராம், யாருமே கிட்டார் கேட்டு வரவில்லையாம். கடையிலிருப்பதையெல்லாம் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அக்கா ஒரு நிபந்தனை போட்டார். தான் ஆகாதென்று சொல்வதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்ட வேண்டும். கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அன்று மாலை நான் அந்தப் பக்கம் போனபோது கடை வாசலில் சின்னக் கூட்டம். தொங்கிய ஒன்பதில் ஏழு கிட்டார்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. மீதி இரண்டின் கழுத்திலும் நீலத் தையல் நூல் கட்டியிருந்தது. தன் சரக்கைத் தானே இப்படி அவமானப்படுத்துகிற கடையை ஊர் பார்த்ததில்லை. அதிலிருந்து அந்தக் கடையில் வாங்குகிற எவரும் நீல நூல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள்.

கிட்டார்க் கம்பெனிகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிடுவார். கல்கத்தாக்காரன் பச்சை மரத்தில் செய்து அனுப்புகிறான், இங்கே வந்துதான் அது காய்கிறது, காயும்போது கழுத்து வளைகிறது என்பார். பம்பாய் வியாபாரி செய்வதே கிடையாது, சீட்டு மட்டும் ஒட்டுகிறான் என்பார். ஜெர்மன் சரக்கு நல்ல வேலைதான், ஆனால் நம்மூர் சித்திரை வெயிலை அந்த மரம் கண்டதில்லை. இவர்கள் எல்லாருமே கண்ணுக்குத்தான் கிட்டார் செய்கிறார்கள், காதுக்குச் செய்கிறவன் எவனும் இல்லை என்று முடிப்பார். அதற்கு மேலும் பேசினால் பேச்சு பேஸ் கிட்டாரில் போய் நிற்கும். நான்கே கம்பி, ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி கனம், அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். அதை யாரும் செய்வதில்லை, யாரும் விற்பதில்லை.

"மேல நின்னு மினுக்குறதுக்குப் பத்து பேர் இருக்கான் டீச்சர். அடியில நின்னு தாங்குறதுக்கு ஒருத்தன் வேணுமில்ல. பாட்டு கேக்கும்போது அவன் இருக்கான்னே தெரியாது. அவன் நிறுத்துனான்னா எல்லாம் அந்தரத்துல நிக்கும்."

இது அவருக்கு எப்படித் தெரியும் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் கொழும்புத் துறைமுகத்தில் தேயிலைக் கிட்டங்கி வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போய்விட்டார். கட்டிக்கொண்ட புருஷன் அங்கே ஒரு ஓட்டல் வாத்தியக் கோஷ்டியில் ஆள் உயர பேஸ் வாத்தியம் வாசித்தவர். அவர் ஈரல் நோயில் படுத்தபோது வேலை போய்விடக்கூடாது என்று, அவரிடமே கற்றிருந்த இவர் போய் வாசித்திருக்கிறார். எட்டு மாதம். சாப்பிட வருகிற துரைகள் கண்ணில் படாதபடி பூந்தொட்டிகளுக்குப் பின்னால் நிற்க வைத்தார்களாம். புருஷனும் போய், குடியுரிமைக் காகிதமும் இல்லாமல் போனபோது, வாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு ராமேஸ்வரம் கப்பலேறி வந்தவர். ஓட்டலில் வாசித்த பொம்பளை என்று எங்கள் பங்கில் சில வீடுகளில் அவரைப் படியேற்ற மாட்டார்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சந்துப் பக்கமாக அவரிடம் வரும்.

எங்கள் பழைய பங்குச் சாமியார் படுக்கையில் விழுந்தபோது நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிறது. அவர் பெல்ஜியம் தேசத்துக்காரர். வாலிபத்தில் அவருடைய அண்ணன் கொடுத்துவிட்ட கிட்டார் ஒன்றை நாற்பது வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்தார். இன்னும் ஓரிரு நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று, அதைக் கட்டில்மேல் எடுத்து வைக்கச் சொல்லி, கொழும்பக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் இருந்தேன். நல்ல கிட்டார்தானே அம்மா என்று அவர் ஈனக் குரலில் கேட்டார். இவர் வழக்கம்போல முகர்ந்தார், கையை விட்டுத் தடவினார்.

"ஆகாது சாமி" என்றார்.

ஜெபமாலை நின்றுவிட்டது. சாகப்போகிற மனிதரிடம் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று எனக்குப் பதறியது. சாமியார் மல்லாந்து படுத்தபடி அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். அண்ணன் எப்போதுமே கஞ்சன் என்றார். இரண்டு நாளில் போய்விட்டார். அடக்கத்தன்று நான் கொழும்பக்காவிடம் கோபமாகவே கேட்டேன், ஒரு பொய் சொல்லியிருக்கக்கூடாதா என்று. அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "அவரு கேட்டாருல்ல டீச்சர்" என்றார்.

அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு பயமும் வந்தது, அதைவிட அதிகமாக ஒரு நம்பிக்கையும் வந்தது.

அறுபது பிறந்து இரண்டொரு வருஷத்தில் ரேடியோ கடைக்காரர் தாமே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். அந்நியச் சரக்கு வருவது குறைந்துபோனதால் நல்ல சந்தை இருக்கும் என்று கணக்குப் போட்டார். மச்சுவாடிப் பக்கம் ஒரு கொட்டகை, இரண்டு ஆசாரிகள். செய்ததையெல்லாம் கொழும்பக்கா பார்த்துத்தான் நூல் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் வருஷம் பாதிக்கு மேல் ஆகாதென்று திரும்பி அடுப்புக்குப் போயிற்று. ஆசாரிகள் முணுமுணுத்தார்கள். இருந்தாலும் நூல் கட்டிய கிட்டார்கள் திருச்சி வரை போய் விற்றன.

அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, கடைக்காரர் ஒரு பேஸ் கிட்டார் செய்து தருகிறேன் என்றார். மதராஸில் சினிமா ஸ்டூடியோ ஒன்றில் வாசிப்பவரிடமிருந்து பழைய கம்பிகள் நாலு வாங்கி வந்தார். பலா மரத்தில் பெரிய உடம்பு, மேலே தேவதாருப் பலகை. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொள்ள ஒரு பித்தளைத் தகடு. அந்தத் தகட்டை உடம்பின் அடிப்பக்கத்தில், உள்ளே இருக்கிற கட்டையில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். நாலு கனத்த கம்பிகளின் இழுவை முழுவதும் அந்த ஒரு கட்டையில்தான் நிற்கிறது.

அதைப் பார்த்து நூல் கட்டிய நாளில் நான் கொட்டகையில் இருந்தேன். கோயிலுக்கு வாங்குவது என்று புதுச் சாமியார் சொல்லியிருந்தார், பள்ளிக்கூடம் விட்டு நானும் போயிருந்தேன். கொழும்பக்கா முகர்ந்தார். கையை விட்டுத் தடவினார். கை அடிப்பக்கம் போய் ஓரிடத்தில் வெகுநேரம் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே கனத்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை தட்டினார்.

அந்தச் சத்தம் என் கால் வழியாக ஏறியது. ஆசாரிகளின் தட்டில் இருந்த ஆணிகள் லேசாக அதிர்ந்தன. கொழும்பக்கா மூச்சுவிடாமல் அது அடங்குகிறவரை காத்திருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. சின்னப் பெண்ணின் முகம் போல ஆகிவிட்டது.

"நல்லது" என்றார். நூலைக் கட்டினார். இரண்டு முறை முடிச்சு நழுவியது. சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு ஒத்திகை தொடங்கியபோது எங்கள் குழுவே வேறாகிவிட்டது. ஆர்மோனியமும் இரண்டு கிட்டாரும் முன்பெல்லாம் மேலே மேலே பறந்துகொண்டிருக்கும். இப்போது எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தரை கிடைத்தது. கொழும்பக்கா நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்து, கழுத்தைப் பின்னுக்கு வாங்கி, பேஸ் கிட்டாரை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்து வாசிப்பார். அது கொழும்பு வழக்கம் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியான ஒத்திகையில் அவருடைய வலது விரல் வெடித்து ரத்தம் கசிந்தது. பழக்கம் விட்டுப்போன விரல்கள். அவர் துணி கட்டிக்கொள்ள எழுந்தபோது, நான் கொஞ்சம் வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பதினைந்து நாளாக எனக்குள் இருந்த ஆசை. அவர் தயங்கினார். எல்லாரும் கொடுங்களக்கா என்றார்கள். கொடுத்தார். "குனியாதீங்க டீச்சர்" என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார். "முகத்தக் கிட்டக் கொண்டு போகாதீங்க."

புதிதாய் வாசிக்கிறவர்கள் குனியாமல் எப்படி வாசிப்பது. எந்தக் கம்பி, எந்தக் கட்டம் என்று பார்க்க வேண்டுமே. மூன்றாவது கம்பி சுருதி இறங்கியிருந்ததாகத் தோன்றி முறுக்காணியை ஒரு சுற்றுத் திருப்பினேன். மரம் கிழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் எனக்கு நினைவு. பித்தளைத் தகடு கட்டையோடு பிய்த்துக்கொண்டு வந்து என் இடது கண்ணில் அடித்தது என்று பிறகு சொன்னார்கள்.

பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள், திருச்சி கண்ணாஸ்பத்திரியில் மூன்று வாரம். இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊர் என்ன பேசுகிறது என்பது காதில் விழுந்தது. நான் முறுக்காணியை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டேனாம். கொழும்பக்கா நூல் கட்டிய கிட்டார் தானாகப் பிய்ந்துகொண்டு வருமா என்று எல்லாரும் கேட்டார்கள். அப்பாவே கேட்டார். நானும் அதைத்தான் நம்பினேன். சாகிறவரிடம் பொய் சொல்லாத வாய் நல்லது என்று சொன்னது. அப்படியென்றால் தப்பு என் கையில்தான். படுக்கையில் கிடந்தபடி அந்த ஒரு சுற்றைத் திரும்பத் திரும்பத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஏன் அவசரப்பட்டாய், ஏன் அவரைக் கேட்காமல் தொட்டாய் என்று என்னையே வைதுகொண்டேன். கொழும்பக்கா ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. கருவியைக் கெடுத்துவிட்டேன் என்ற கோபமாக இருக்கும் என்று அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

எனக்குக் கறம்பக்குடியில் ஒரு வாத்தியாருக்கு நிச்சயமாகியிருந்தது. தை மாதக் கடைசியில் அவர்கள் வீட்டிலிருந்து மாமா முறையான பெரியவரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, நடந்தது ஆண்டவர் சித்தம் என்றார்கள். பிறகு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண் கொஞ்சம் நிதானமில்லாதவள் என்று நாலு பேர் சொல்கிறார்கள், நாளைக்கு அடுப்படியில் இப்படி ஏதாவது என்று இழுத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கொழும்பக்கா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சர் மேல தப்பில்லைங்க" என்றார். "அடிக்கட்டையில வெடிப்பு இருந்துச்சு. மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் வச்சு அடைச்சிருந்தாங்க. என் வெரல்ல தட்டுப்பட்டுச்சு. தெரிஞ்சேதான் நல்லதுன்னு சொன்னேன்."

என் காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கட்டுப்போட்ட முகத்தோடு கல்யாணம் பேச வந்தவர்கள் முன்னால் வரக்கூடாது என்பதுகூட நினைவில்லை. அம்மா என்னைத் தாண்டிப் போனார். என் அம்மா வாழ்நாளில் ஒரு பூனையை விரட்டியதில்லை. அவர் கொழும்பக்காவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். கொழும்பக்கா கையைத் தூக்கித் தடுக்கவில்லை, நகரவும் இல்லை. அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். "ஏன்க்கா?"

"பத்து வருசமா அந்தச் சத்தத்தக் கேக்கல டீச்சர்" என்றார். "ஆகாதுன்னு சொன்னா அதையும் அடுப்புல வச்சிருவாங்க. நான் மட்டும் வாசிப்பேன், பதனமா வச்சுக்கலாம்னு நெனச்சேன். என்னைக்கிருந்தாலும் என் மூஞ்சியிலதான் அடிக்கும்னு தெரியும். அதுக்குத் துணிஞ்சுதான் இருந்தேன். அன்னைக்கு நீங்க கேட்டப்ப குடுக்க மாட்டேன்னு சொல்லிருந்தா ஏன்னு கேப்பீங்க. அதுக்குப் பதில் சொல்லணும்."

பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பயந்து என் கையில் கொடுத்துவிட்டார். அந்த நிமிர்ந்த கழுத்து, தள்ளிப் பிடித்த கை, குனியாதீங்க என்று இரண்டு முறை சொன்னது எல்லாம் ஒரே நேரத்தில் வேறு அர்த்தத்தோடு வந்து என் முன்னால் நின்றன. போய்விடுங்கள் என்றேன். போய்விட்டார்.

கறம்பக்குடிக்காரர்களும் அதோடு எழுந்தார்கள், அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. ஆனால் எனக்கு நிதானமில்லை என்று அதற்குப் பிறகு ஊரில் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் கொழும்பக்கா செய்த காரியத்தைப் பாடகர் குழுவில் ஒருவர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. தான் நூல் கட்டிய கிட்டார் இருக்கிற வீடு வீடாகப் போகிறார் என்றார்கள். வாசலில் நின்று, நான் ஒன்றில் பொய் சொல்லிவிட்டேன், அதனால் இதையும் வேறு யாரையாவது வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி, நூலை அறுத்து எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாராம். கோட்டைப்பட்டினத்தில் ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை வாங்கியிருந்தது. அதற்கும் பஸ் ஏறிப் போயிருக்கிறார். சிலர் வைதார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். கடைக்காரரின் கொட்டகைக்கு ஆர்டர் நின்று, ஆறேழு மாதத்தில் அதில் வைக்கோல் அடைத்துவிட்டார்கள். அவர் கொழும்பக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வெடித்த கட்டையை வைத்த ஆசாரி யார் என்று இவரும் கடைசிவரை சொல்லவில்லை. புதுச் சாமியார் அவரைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கினார். அவர் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்பார், பாட்டு தொடங்கினால் வெளியே போய்விடுவார்.

நான் அவரோடு ஐந்து வருஷம் பேசவில்லை. அதற்குள் எனக்குக் கந்தர்வக்கோட்டை முந்திரித் தோப்புக்காரர் ஒருவரோடு கல்யாணம் ஆனது. என் கண்ணைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார், வலிக்கிறதா என்று. பள்ளிக்கூடத்திலும் நான் தலைமை ஆசிரியை ஆகியிருந்தேன். எங்கள் ஆயரின் மேற்றிராசனத்துப் பள்ளிகளுக்கெல்லாம் கிட்டார் வாங்குவதென்று முடிவாகி, என்னையும் சேர்த்து நாலு பேரைத் திருச்சிக்கு அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் நடந்த கூட்டத்தில், மதராஸில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலைச் சரக்கு மலிவாக வருகிறது, அதையே வாங்கிவிடலாம் என்று பேச்சு. பளபளவென்று படம் போட்ட விளம்பரத்தாளும் இருந்தது. கொழும்பக்கா பார்க்காமல் வாங்கக்கூடாது என்றேன்.

நான் சொன்னது எனக்கே திகைப்பாக இருந்தது. மற்றவர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார்கள். உங்களுக்கு இப்படிச் செய்தவரையா என்று ஒருவர் கேட்டார். கெட்டதை நல்லதென்று சொன்னவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும், வந்து நின்று நான் சொன்னது பொய் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான் என்றேன். வேறு காரணம் எனக்கு இல்லை.

நானே போய்க் கூப்பிட்டேன். மிஷினில் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. வர மாட்டேன் என்றார். நான் போகாமல் நின்றேன். கடைசியில் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

திருச்சிக் கடையில் அன்று முழுதும் இருந்தோம். ஒவ்வொரு கிட்டாரையும் இரண்டு தடவை பார்த்தார். இருபதில் ஆறைத் தேர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் ஏன் ஆகாது, ஏன் நல்லது என்று என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். நம்பாதீங்க, நீங்களே தொட்டுப் பாருங்க என்றார். சாயங்காலம் கிளம்பும்போது கடைக்காரர் உள்ளேயிருந்து புதிதாக வந்த ஒரு மின்சார பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து, ஒலிபெருக்கியில் மாட்டி, அடிக்கம்பியைத் தட்டினார். கண்ணாடி அலமாரிகள் அதிர்ந்தன. கொழும்பக்கா எழுந்து கடையைவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். தெருவில், வெயில் முகத்தில் அடிக்க, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். இன்னும் அந்தச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

"அத வாங்குங்க டீச்சர்" என்றார்.

"நல்லதுங்களா?"

"தெரியாது. அத நான் பாக்க மாட்டேன். வேற ஆள வச்சுப் பாத்து வாங்குங்க."

கடைத்தெருவில் வாத்தியம் பழுது பார்க்கிற ஒருவரைத் தேடிக் கூட்டிவந்து பார்க்கச் சொல்லி, அதையும் வாங்கினோம். கடைசி பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. பேஸ் கிட்டார்ப் பெட்டியை மேலே வைக்க இடமில்லாமல் எங்கள் இரண்டு பேர் மடியிலும் குறுக்காகக் கிடத்தினோம். கொழும்பக்கா இரண்டு கையையும் தூக்கி முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீரனூர் தாண்டி, புதுக்கோட்டை வந்து பஸ் நிற்கிறவரை அவர் கை அந்தப் பெட்டியின்மேல் படவே இல்லை.